குழந்தையைக் கேட்காமல் ரத்தத்தைக் கேட்டேன்

2009-ல் நடந்தது இது. ஹைதராபாத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்துகொண்டு, குஷாய்குடாவில் வாடகை வீட்டில் இருந்தோம். என் மனைவிக்கு எட்டாவது மாதம்.

பரிசோதனைக்குப் போன இடத்தில், தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்கும் தனியார் வங்கியின் பிரதிநிதி எங்களைப் பிடித்துக்கொண்டார். பிற்காலத்தில் குழந்தைக்குப் பெரிய நோய் வந்தால் அந்த ரத்தம் உதவும் என்றார். "சான்ஸ் ஒரே ஒரு தடவைதான் சார்!" அவ்வளவுதான். இன்னும் பிறக்காத குழந்தைக்கு என் மனதில் தினம் ஒரு நோய் வர ஆரம்பித்தது.

மனைவி வேறு மாதிரி யோசித்தாள். "நமக்குத் தேவைப்படுமான்னே தெரியாதுங்க. இப்பவே அதுக்காகக் காத்திருக்கிறவங்க இருப்பாங்கள்ல, தானமா கொடுத்துடலாமே?"

"நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நீ பொறுப்பா?" என்று கத்திவிட்டேன். நானே பதிவு செய்தேன். ரத்தம் பிடிப்பதற்கான பெட்டியும் வீட்டுக்கு வந்தது.

ஐந்து வாரம் முன்னதாகவே வலி எடுத்துவிட்டது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு விரைந்தோம். நர்ஸிடம் பெட்டியைக் கொடுத்துவிட்டு பிரசவ அறை வாசலில் நின்றேன். உள்ளே ஏதேதோ சத்தம் கேட்டது. குழந்தை அழும் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

டாக்டரம்மா வெளியே வந்ததும், "ரத்தம் எடுத்தாச்சா டாக்டர்?" என்றேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். தெலுங்குக்காரர், நிதானமான தமிழில் சொன்னார். "எடுக்கலை பாபு. குறைமாசக் குழந்தை. கொடியை உடனே வெட்டாம, அந்த ரத்தம் பேபிக்கே போகட்டும்னு கொஞ்சம் விட்டேன். அம்மா நல்லாயிருக்காங்க. பேபிதான் மூச்சுக்குக் கஷ்டப்படுது."

சுவரைப் பிடித்துக்கொண்டேன். பெற்றவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை, பிறந்தது ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்கவில்லை. அந்த ரத்தத்தைத்தான் கேட்டிருக்கிறேன்.

ஆறு நாள் இன்குபேட்டரில் இருந்தாள் என் மகள். கண்ணாடிக்கு வெளியே நின்று, அவள் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாம் நாள்தான் கையில் கொடுத்தார்கள். அன்று மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். "பயத்துல கேட்டுட்டீங்க, விடுங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சேமிப்பதோ தானம் செய்வதோ அவரவர் முடிவு. ஆனால் வராத நோய்க்குப் பயந்து, மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்த மகளைப் பற்றிக் கேட்க மறந்து, ரத்தத்தைக் கேட்ட அந்த ஒரு கேள்வி, இன்றும் என்னைக் கூச வைக்கிறது.