கத்தரிப்பூ நிற ரொக்கெட்

மெல்பேர்னில் ஆகாயத்தில் சத்தம் கேட்டால் ஒருவரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. டண்டினொங் புறநகரில் நான் வேலை செய்த இடத்தில் கார் இருக்கைகளுக்கு உறை தைப்போம். பின்பக்கம் ஒரு சீமெந்து முற்றம் உண்டு. தேநீர் இடைவேளையில் எல்லோரும் அங்கே போய் வெயிலில் இருப்போம். விமானம் ஓட்டப் பழகுகிறவர்களின் சின்ன விமானங்கள் அந்தப் பக்கமாகத் தாழப் பறக்கும். வியட்நாம்காரப் பெண்கள் கதையை நிறுத்தமாட்டார்கள், ஆண்கள் சிகரெட்டை வாயிலிருந்து எடுக்கமாட்டார்கள். நான் மட்டும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, அது கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன்.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லுவோம். ஹெலி என்றால் சுவரோரம் ஒதுங்கினால் போதும். பொம்மர் என்றால் பங்கருக்குள் ஓடவேண்டும். சகடை என்று நாங்கள் பெயர் வைத்திருந்த கிழட்டு விமானம் மெதுவாக வந்து பீப்பாய்க் குண்டு போடும். அது எங்கே போடும் என்று அதற்கே தெரியாது. இந்த ஊருக்கு வந்து வருடங்கள் ஆகியும் கழுத்து தானாகவே மேலே திரும்பிவிடும்.

எங்கள் பகுதி மேற்பார்வையாளர் ரொன் இதைக் கவனித்திருக்கிறார். நெட்டையான, அதிகம் பேசாத மனிதர். என் முழுப் பெயர் யோகேஸ்வரி அவருடைய வாயில் நிற்கவில்லை என்று ‘யோகா’ ஆக்கிவிட்டவர். ஒருநாள் பக்கத்தில் வந்து நின்று, “பறக்கிற சாமான் எண்டால் உமக்குச் சரியான விருப்பம் போல,” என்ற பொருளில் ஆங்கிலத்தில் சொன்னார். அவருக்கு நான் என்ன விளக்குவது? “யெஸ்” என்றேன். அந்த நாட்களில் விளங்காததற்கும் விளக்க முடியாததற்கும் என்னிடம் இருந்த ஒரே விடை அதுதான்.

அந்த யெஸ்ஸினால் வந்ததுதான் மற்றதெல்லாம். அடுத்த கிழமை அவர் என் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து, தனக்கு ஒரு ‘ஷூட்’ தைத்துத் தரமுடியுமா என்று கேட்டார். என் காதில் விழுந்தது ‘சூட்’. மகளுக்கோ மகனுக்கோ கலியாணமாக்கும் என்று நினைத்து, சரி என்றேன். மறுநாள் மதிய இடைவேளையில் அளவு நாடாவோடு போய், கதிரையில் இருந்தவரை எழும்பச் சொல்லி, தோளிலிருந்து தோளுக்கு அளக்கத் தொடங்கினேன். மனிதர் மரம்போல நின்றார். அளவை நான் சோக்கட்டியால் குறிக்கும்போதுதான், “யோகா, என்ன செய்யிறீர்?” என்று மெல்லக் கேட்டார். விடயம் விளங்கியதும், பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரொன் ஒரு அட்டைப்பெட்டியின் மேல் படம் கீறிக் காட்டினார். நீளக் குழாய், கூர் மூக்கு, அடியில் செட்டைகள், மேலே குடைபோல ஒன்று, அதிலிருந்து கயிறுகள். பரசூட்! இந்த மனிதர், ஐம்பது வயதைத் தாண்டியவர், வார இறுதிகளில் ஊருக்கு வெளியே புல்வெளிக்குப் போய் ரொக்கெட் விடுகிறாராம்.

பரசூட் எப்படி வெட்டுவது என்று எனக்குத் தெரியாது. வீட்டில் கம்பி முறிந்த குடை ஒன்று கிடந்தது. அதைத் தையல் தையலாகப் பிரித்து, ஒரு துண்டைக் கடதாசியில் வைத்துக் கீறி, அந்த அளவில் எட்டுத் துண்டு வெட்டினேன். ரொன் கொடுத்த செம்மஞ்சள் நைலோன் துணி கையில் நழுவி நழுவி ஓடியது. ஆனால் சரியாக வந்தது. அடுத்த திங்கட்கிழமை அவர் தன் கையை மேலிருந்து கீழே மெல்ல மெல்ல இறக்கிக் காட்டி, “பியூட்டிஃபுல்,” என்றார். பிறகு என் மெஷின் மேல் ஒரு நீளப் பெட்டியை வைத்தார். எனக்கு ஒரு ரொக்கெட், பகுதி பகுதியாக, நானே பொருத்துவதற்கு.

பெட்டியைக் கண்டதும் என் கணவர் பாலனின் முகம் போன போக்கைச் சொல்லவேண்டும்.

“உமக்கு என்ன விசரே? தமிழாக்கள் வீட்டில ரொக்கெட் செய்யினம் எண்டு ஆரும் சொன்னால் என்ன நடக்கும்? எங்கட சிற்றிசன்ஷிப் இன்னும் கையில வரேல்ல.”

“இது விளையாட்டுச் சாமானப்பா. எரியிற மோட்டார் ரொன்னிட்டத்தான் இருக்கு. இங்க இருக்கிறது மட்டையும் பலகையும்.”

“பொலிசுக்கு அதைச் சொல்லும்.”

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தபிறகு உலகம் முழுவதும் சந்தேகக் கண்ணோடு திரிந்த வருடங்கள் அவை. கொழும்பில் ஒரு சோதனைச்சாவடியில், பையில் டோர்ச் பற்றரி இருந்ததற்காக அவரை ஒரு நாள் முழுக்க நிற்கவைத்திருக்கிறார்கள். பெட்டியை அலுமாரிக்கு மேல் தூக்கி வைத்தேன். ஒரு மாதம் அங்கேயே கிடந்தது. ஆனால் தைக்கிறவளுக்கு வெட்டி வைத்த துண்டுகளைச் சேர்க்காமல் விடுவது கஷ்டம். ஒரு சனிக்கிழமை மழை. இறக்கிவிட்டேன்.

குசினி மேசைதான் பட்டறை. மெல்லிய பலகையில் வெட்டிய செட்டைகளை அரத்தாளால் தேய்த்தேன். குழாயைச் சுற்றிக் கடதாசி நாடாவை ஒட்டி, சட்டையில் மடிப்புக்குக் குறிப்பதுபோல, செட்டைகள் நிற்கவேண்டிய இடங்களைக் குறித்தேன். இரண்டு பசைகளைக் குழைத்துப் பூசி, இறுகும்வரை கையால் பிடித்துக்கொண்டே நின்றேன். ஒரு செட்டை கோணினால் ரொக்கெட் போகிற வழியும் கோணும் என்று ரொன் சொல்லியிருந்தார். அந்தப் பசையின் நாற்றத்தில் சோறு சாப்பிட முடியாது என்று பாலன் கத்தினார். ஆனால் மூன்றாவது செட்டையை ஒட்டும்போது கறி கிண்டவேண்டி வந்து, “இதைக் கொஞ்சம் பிடியுங்கோ,” என்றதும் வந்து பிடித்தார். பிடித்தவர் சும்மா இருக்கவில்லை. “இது கொஞ்சம் இடப்பக்கம் சரியுது,” என்றார்.

நிறம் பூசுகிற நேரம் மறுபடி சண்டை. வானத்தில் நன்றாகத் தெரியட்டும் என்று சிவப்பும் மஞ்சளும் வாங்கி வந்திருந்தேன். அவர் பூச்சுப் பேணிகளைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். “உந்த ரெண்டு நிறத்தையும் சேர்த்து ஒரு ரொக்கெட்டில பூசுறதுக்கு உம்மைவிட ஆளில்லை.” அவை புலிக்கொடியின் நிறங்கள் என்பதை நான் யோசிக்கவேயில்லை. யோசித்ததும் எனக்கே சிரிப்பு வந்தது, அவரும் சிரித்துவிட்டார். கடைசியில் எந்தக் கொடிக்கும் சொந்தமில்லாத கத்தரிப்பூ நிறம் பூசினோம்.

அது காய்ந்துகொண்டிருந்த அன்றுதான் கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போய்விட்டு வந்த பரிமளம் அன்ரி சொல்லாமல் கொள்ளாமல் பிரசாதத்தோடு வந்தா. தெரிந்த தமிழ்க் குடும்பங்களுக்குள் செய்தி பரப்புவதில் வானொலிக்குச் சமமானவ. மேசையில் நிமிர்ந்து நின்ற ரொக்கெட்டைப் பார்த்து, “இதென்ன தம்பி?” என்று கேட்டா.

பாலன் கண் இமைக்காமல், “லாம்ப் அன்ரி. மேல பல்ப் வரும்,” என்றார்.

“வடிவாய்க் கிடக்கு. எங்க வாங்கினனீங்கள்? மகளுக்கும் ஒண்டு எடுக்கலாம்.”

அதற்குப் பிறகு பல மாதம் அன்ரியைக் கண்டால் லாம்ப் கதையில் இருந்து தப்பவேண்டி இருந்தது.

ரொக்கெட் விடுவதற்குக் குளிர்காலம்தான் சரி. கோடையில் புல் காய்ந்திருக்கும், நெருப்புத் தடை வந்துவிடும். நகருக்கு மேற்கே, செம்மறி மேய்கிற ஒரு பெரிய வெளி. வரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்த பாலன், “நீர் தனியப் போய் அம்பிட்டால்?” என்று கார்த் திறப்பை எடுத்துக்கொண்டார். அங்கே மடிப்புக் கதிரைகளில் முழுக் குடும்பங்கள், சூப் போத்தல்கள், நாய்கள். ஒரு மேசையில் பாதுகாப்புப் பரிசோதகர் ஒருவர். பாலனுக்கு அவர் போட்டிருந்த ஒளிரும் மேலங்கியே போதுமாயிருந்தது. கையை மடித்துக்கொண்டு விறைத்து நின்றார். அந்த மனிதர் என் ரொக்கெட்டை வாங்கி, செட்டைகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்து, “யார் கட்டியது?” என்று கேட்டார்.

எனக்கு முன் பாலன் வாயைத் திறந்தார். “மை வைஃப்.” கொஞ்சம் பொறுத்து, “தேர்ட் ஃபின், மீ,” என்றார்.

ரொன், நான் அவருக்குத் தைத்த செம்மஞ்சள் பரசூட்டையே மடித்து உள்ளே வைத்து, மோட்டாரைச் செருகி, கம்பியில் ஏற்றி, எங்களைப் பின்னால் வரச்சொல்லி, பொத்தானை என் கையில் தந்தார். எல்லோருமாகச் சேர்ந்து பின்னோக்கி எண்ணினார்கள். அமுக்கினேன்.

அந்த இரைச்சலை நான் எதிர்பார்த்திருந்தும் எதிர்பார்க்கவில்லை. அடுத்த கணம் நானும் பாலனும் நிலத்தில் குந்தியிருந்தோம். அவருடைய கை என் தலைக்கு மேல் இருந்தது. இருவரும் யோசித்துச் செய்ததல்ல. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெண் குனிந்து பார்த்து, “நல்லாய்த் தெரியிற இடம் அதுதானா?” என்பதுபோல ஏதோ கேட்டு, தானும் எங்களோடு புல்லில் குந்தினாள். அவளைப் பார்த்து அவளுடைய பிள்ளைகளும் குந்தினார்கள். அப்படியே எல்லோரும் மேலே பார்த்தோம். வெண்புகையின் நுனியில் ஒரு புள்ளி. பிறகு சின்னதாக ஒரு ‘டப்’. பாலனின் விரல்கள் என் தோளில் இறுகின.

விரிந்தது. நான் தைத்த எட்டுத் துண்டும், ஒரு தையலும் விடாமல். கத்தரிப்பூ நிறக் குழாய் அதன்கீழ் ஆடி ஆடி, வீட்டுக்குப் போக அவசரமில்லாத ஆளைப்போல இறங்கியது. மேலேயிருந்து வருகிற ஒன்றை இத்தனை நேரம் ஆறுதலாக இருந்து பார்க்கலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது. காற்று அதைத் தள்ளிக்கொண்டு போக, “அங்க! அங்க போகுது!” என்று கத்தியபடி பாலன் ஓடினார். செம்மறிகள் சிதறின. மூச்சு வாங்கித் திரும்பி வந்தவரின் சப்பாத்து முழுக்க ஆட்டுப் புழுக்கை. குழாயில் ஒரு கீறல்கூட இல்லை.

“இன்னொருக்கா விடலாமோ எண்டு கேளும்,” என்றார். இன்னொருக்கா விட்டோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் யாழ்ப்பாணத்தில் இருக்கும் தங்கை மலருடன் பேசுவது வழக்கம். சமாதானப் பேச்சுக்கள் நடந்த காலம், தொலைபேசி ஒழுங்காக வேலை செய்தது. அன்று வீட்டுக்கு வந்த கையோடு எடுத்து, “நாங்கள் இண்டைக்கு ரொக்கெட் விட்டனாங்கள்,” என்றேன்.

மலர் குரலைத் தாழ்த்தினாள். “ஆருக்கும் பட்டதோ அக்கா?” என்று கேட்டாள்.

“இல்லையடி. புல்லுக்குள்ள விழுந்தது. பரசூட்டில மெல்ல மெல்ல இறங்கினது.”

“ஒருத்தருக்கும் படேல்லயெண்டால், பிறகேன் விட்டனீங்கள்?”

“சும்மாதான். ஏறி இறங்கிறதைப் பாக்க.”

“சும்மாவோ!” அவள் ரிசீவரைக் கையில் வைத்தபடியே உள்ளே திரும்பிக் கூப்பிட்டுச் சொல்வது கேட்டது. “கேட்டீங்களே, மெல்பேர்னில அக்காவும் அத்தானும் ரொக்கெட் விட்டவையாம். சும்மா!” அந்த வீட்டில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். யாரோ இருமி இருமிச் சிரித்தார்கள். அது யார் என்று என்னால் பிடிக்க முடியவில்லை, நான் ஊரைவிட்டு வந்தபிறகு அந்த வீட்டில் சேர்ந்த புதுக் குரலாக இருந்தது.

வெளியே தண்ணீர்க் குழாயடியில் பாலன் சப்பாத்தைக் கழுவிக்கொண்டே, அடுத்த முறை எப்ப போறதாம் என்று கத்திக் கேட்டார். அந்தக் காதால் அவரையும் இந்தக் காதால் அவர்களையும் கேட்டுக்கொண்டு, யாருக்கு முதலில் மறுமொழி சொல்வது என்று தெரியாமல், நடுவில் நின்று நானும் சிரித்தேன்.