மல்லாந்து கிடந்த கார்கள்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பேயாவது பிசாசாவது என்று ஊரையே கிண்டல் செய்தவன்தான் நானும். ஆனால் என் மனைவிக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்துவிடும், பிடிபட்டுவிடுவாள். அவளுக்கு நடந்ததைத்தான் சொல்கிறேன். கார் நட்டு கழற்றும் அந்த ஸ்பேனர் இன்னும் என் வீட்டுப் பரணில் கிடக்கிறது.

கம்பெனிகளுக்கு ஆண்டு மலர் எழுதிக் கொடுப்பது அவள் தொழில். அந்த வருடம் வந்தது ஒரு பொம்மைக் கம்பெனி. தகரக் கார் பொம்மை செய்தே பெரிய ஆளான முதலாளி, பக்கவாதம் வந்து மூன்று வருடமாகப் படுத்த படுக்கை. நிர்வாகம் முழுக்க மருமகள் கையில். அந்த முதலாளி வாலிபத்தில் கார் பந்தயம் ஓட்டியவர் என்று ஒரு பேச்சு உண்டு. கேட்டதுமே மருமகள் முகம் கடுத்துவிட்டது.

"அதெல்லாம் யாரோ கட்டிவிட்ட கதைங்க. மலர்ல வேண்டாம்."

வேண்டாம் என்றால் விடுகிற ஆளா இவள்? நெருப்பில்லாமல் புகையாது என்று கிளம்பிவிட்டாள். பழைய பந்தயக்காரர்களைத் தேடி அலைந்தாள். ஒருவர் கேள்வி முடியும் முன்பே கதவைச் சாத்தினார். இன்னொருவர், "அவன் பேச்சை எடுக்காதம்மா, அப்புறம் எனக்குச் சோறு இறங்காது" என்றார். அதோடு இவளுடைய பிடிவாதம் இரண்டு மடங்கானது.

ஒரு மழை நாள் மத்தியானம், படம் எடுக்கத் தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு கம்பெனியின் பழைய பட்டறைக்குப் போனாள். என் மச்சான் போட்டோக்காரன். வாய் ஓயாது. தாயில்லாத வீட்டில் இவள் இடுப்பில் வளர்ந்த பிள்ளை அவன். அவனுக்கு ஒன்று என்றால் இவளுக்கு உயிர் தங்காது. கட்டின புருஷன் நானெல்லாம் அவனுக்கு அப்புறம்தான்.

பட்டறையில் அலமாரி அலமாரியாகக் கார் பொம்மைகள். எல்லாம் மல்லாந்து கிடந்தன, சக்கரங்கள் கூரையைப் பார்த்தபடி.

"என்னக்கா, எல்லாக் காரும் மத்தியானத் தூக்கமா?" என்றான் மச்சான்.

கதவைத் திறந்துவிட்ட பெயின்ட் அடிக்கும் அம்மாள் சிரிக்கவில்லை. "முதலாளி உத்தரவு. பெட்டியில அடுக்குறதும் இப்படித்தான். நிமித்தி வச்சா அன்னிக்கே வேலை போயிடும்."

"ஏன்?"

"யாரு கேக்குறது?" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

கண்ணாடிப் பெட்டியில் கம்பெனியின் முதல் கார் இருந்தது. சிவப்புத் தகரம். பந்தயக் கார். இரண்டு இருக்கை. ஓட்டுகிற பொம்மை மட்டும் இருந்தது. பக்கத்து இருக்கை காலி. மல்லாந்த காரைப் படம் எடுத்தால் என்ன அழகு இருக்கும்? என் மனைவி அதை மேஜையில் எடுத்து வைத்தாள். நிமிர்த்தினாள்.

"திருப்பாத... அண்ணா..."

மெல்லிய குரல். காதுக்குப் பக்கத்தில்.

"என்னடா சொன்ன?"

"நான் வாயே திறக்கலையே."

"திருப்பாத அண்ணான்னு..."

"உன்ன என்னைக்குக்கா நான் அண்ணான்னு கூப்பிட்டிருக்கேன்?"

சிரித்தான். அவளும் சிரித்தாள். அப்போது அந்தக் கார், சாவி கொடுக்காமலே நகர்ந்தது. கிர்ர்ர்ர்... மேஜை விளிம்பில் வந்து நின்றது. இரண்டு பேரும் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்துவிட்டார்கள். அதுதான் தப்பு. காரை மறுபடி மல்லாத்தி வைக்கவில்லை.

திரும்பும்போது மச்சான் ஓட்டினான். மழை விட்டு வெயில் அடித்தது. பட்டப்பகல். சரிவான வளைவு.

"அக்கா, நடுரோட்டுல யாரு..."

தோல் தொப்பி. கண்ணை மறைத்த பெரிய கண்ணாடி. வாலிப வயசு ஆள். கையை வீசி 'வா, வா' என்றான்.

மச்சான் ஸ்டியரிங்கை ஒடித்தான்.

கண் விழித்தபோது அவள் புல்லில் கிடந்தாள். வாயெல்லாம் ரத்தம். கார் மல்லாந்து கிடந்தது. சக்கரங்கள் வானத்தைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தன.

அடியில் தம்பி. தலையும் நெஞ்சும் மட்டும் வெளியே தெரிந்தன. காரின் ஒரு விளிம்பை மைல்கல் தாங்கிப் பிடித்திருந்தது. கார் கொஞ்சம் புரண்டாலும் மொத்தப் பாரமும் அவன் நெஞ்சில்தான்.

"திருப்பாத... அக்கா..."

அதே குரல்.

"அசையாதடா. ஆள் கூட்டிட்டு வரேன்."

எழுந்தாள். கார் அசைந்தது.

அந்தப் பக்கம் அவன். தொப்பிக்காரன். காருக்குத் தோள் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"ஐயோ, வேண்டாங்க. அடியில என் தம்பி."

"எனக்கும் தம்பிதான். திருப்பு. பந்தய எல்லைக் கோடு பக்கத்துல வந்திருச்சு."

கார் ஆடியது. மடக்கென்று எலும்பு முறிந்தது. தம்பி அலறினான்.

டிக்கியிலிருந்து சிதறிய ஸ்பேனர் காலில் இடறியது. எடுத்தாள்.

நெற்றியில் ஓர் அடி.

அவன் நிறுத்தவில்லை.

இன்னோர் அடி. தொப்பி பறந்தது. கருகருவென்று முடி. அவள் முகத்தில் ரத்தம் தெறித்தது... சூடாக.

"திருப்பு..."

மூன்றாவது அடி. பலம் கொண்ட மட்டும்.

கார் ஆடுவது நின்றது.

அங்கே... யாருமில்லை.

பிறகு வந்த லாரிக்காரர்கள் நல்ல மனதோடு காரைப் புரட்டத்தான் பார்த்தார்கள். இவள் ஸ்பேனரை ஓங்கிக்கொண்டு நின்றாளாம். "தொட்டா கொன்னுடுவேன்." கிரேன் வந்து நேராகத் தூக்கியது. மச்சான் பிழைத்தான். ஒரு கால் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் இவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஸ்பேனரை வாங்கியது நான்தான்.

அடுத்த வாரம் அந்த மருமகள் ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தாள். கேட்காமலே சொன்னாள்.

"நீங்க தேடினது பொய் இல்லைங்க. மாமா பந்தயம் ஓட்டினவர்தான். பக்கத்து சீட்ல அவர் தம்பி. கடைசிப் பந்தயத்துல கார் மல்லாந்துடுச்சு. தம்பி அடியில. திருப்பாத அண்ணான்னு கத்தியிருக்கார். மாமா கேக்கல. திருப்பி நிமித்தி, நசுங்கின தம்பியத் தூக்கி சீட்ல வச்சுக் கட்டி, ஓட்டிட்டுப் போயி... முதல்ல வந்தார்."

என் மனைவி கட்டிலைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா இப்ப இல்லைங்க. உங்களுக்கு அடிபட்ட அன்னிக்கு, அதே நேரத்துல போயிட்டார். காலை அசைக்க முடியாத மனுஷன். வாசல்ல நர்ஸ் உக்காந்திருக்கா, உள்ள யாரும் போகல. நெத்தி மூணு இடத்துல பிளந்திருக்கு. கட்டில்லேருந்து விழுந்துட்டார்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. ஆனா மாமா கட்டில்லதான் கிடந்தார்."

இவள் என்னைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் ஸ்பேனரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ரத்தத்தோடு ஒட்டியிருந்ததை மச்சானுடைய முடி என்று நினைத்து நானே கழுவி வைத்திருந்தேன். ஸ்பேனர் வாயின் இடுக்கில் இன்னும் இரண்டு முடி மிச்சமிருந்தன.

கறுப்பு இல்லை. நரைமுடி.