முள் எழும்பிய நாள்

என் வண்டி சூடாகவே ஆகாது என்று நாலு வருடம் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தவள் நான். கண்டிக்குப் போகும் வழியில் கடுகண்ணாவை ஏற்றத்தில் வேன்களும் லொறிகளும் ஓரங்கட்டி, பொனெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றும். என் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் அவற்றைத் தாண்டி ஒன்றுமே நடக்காததுபோல ஏறிப் போகும். இஞ்சின் சூட்டைக் காட்டும் முள் அடிக்கோட்டுக்குச் சற்று மேலே படுத்துக் கிடக்கும். நுவரெலியாவுக்கு ஏறினாலும் சரி, கண்டி நகர நெரிசலில் ஒரு மணி நேரம் நின்றாலும் சரி, அது எழும்பாது. ஆசிரியர் அறையில் இதைச் சொல்லும்போது எனக்குத் தலை தானாகவே நிமிரும்.

இரண்டே இருக்கை, மடித்துவிடக்கூடிய கூரை, ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்த பழைய வண்டி. வருடக்கணக்காக டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில் வாங்கினேன். இரண்டு பிள்ளைகளின் தாய்க்கு இந்த வண்டி எதற்கு என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. எனக்கு ஆசை, அதனால் வாங்கினேன் என்பதைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை. ஆசைப்பட்டதை வாங்கியதற்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதும் இல்லை.

வருத்தப்படும் நிலை இந்த வருடம் வந்தது. வண்டியின் வருட லைசன்ஸைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் முதலில் புகைப் பரிசோதனையில் பாஸாக வேண்டும். போன வருடங்களில் எல்லையை ஒட்டி ஒட்டித் தப்பி வந்திருந்தது. குண்டசாலையில் உள்ள நிலையத்தில் வண்டியின் புகைக் குழாய்க்குள் கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு, ஃபெயில் என்று ஒரு தாளை நீட்டினார்கள். பெட்ரோல் முழுசாக எரியாமல் வெளியே வருகிறதாம். முப்பது வருடமாக மற்றவர்களுக்கு மார்க் போடுகிறவளுக்கு ஃபெயில் என்ற சொல் சுருக்கென்று தைத்தது.

என் வீட்டுக்காரர் மாநகர சபையில் கிளார்க். சத்தம் போட மாட்டார், ஆனால் பிடித்த பிடியை விடவும் மாட்டார். கட்டுகஸ்தோட்டையில் ஒருவர் இந்த வண்டிக்கு ஆசைப்பட்டு மாதத்துக்கு ஒரு தடவை இவருக்கு ஃபோன் எடுப்பார். இந்த வண்டியை விற்றுவிட்டு நாலு பேரும் ஒன்றாகப் போகக்கூடிய ஒன்றை வாங்கலாம் என்பது இவருடைய கட்சி. ஃபெயில் தாளைப் பார்த்ததும் அமைதியாக ஒரு கணக்குச் சொன்னார்.

"மூணு தடவை பாப்போம். மூணாவதும் ஃபெயிலானா அவருக்கே குடுத்துருவோம்."

"சரி," என்றேன். கோபத்தில் சொன்ன சரிதான். என்றாலும் சொன்னால் சொன்னதுதான்.

கெலிஓயாவில் எனக்கு வழக்கமான கராஜ் ஒன்று உண்டு. அதை நடத்துகிறவர் முஸ்லிம்; அண்ணன் என்ற பொருளில் அவரை 'நானா' என்றுதான் கூப்பிடுவேன். அறுபதை நெருங்கும் வயது, அளந்து பேசும் மனிதர். அவர் பிளக் மாற்றினார், காற்று ஃபில்டர் மாற்றினார், பெட்ரோல் தெளிக்கும் குழாய்களைக் கழற்றிச் சுத்தம் செய்தார். நான் நம்பிக்கையோடு போனேன். இரண்டாவது தடவையும் ஃபெயில், அதுவும் முதல் தடவையைவிட மோசம்.

நேராகக் கெலிஓயாவுக்கு விட்டேன். கராஜில் நாலைந்து பேர் தங்கள் வண்டிகளுக்காகக் காத்து நின்றார்கள். அவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி, என் வண்டியைக் கெடுத்ததே நீங்கதான் நானா என்று கத்தினேன். வகுப்பறைக் குரல் அது, ரோட்டுக்கே கேட்டிருக்கும். அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அது எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

அந்த வாரம் முழுக்க மழை. வெள்ளிக்கிழமை, அம்பிட்டியவில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது பக்கத்து வீட்டு டீச்சரையும் ஏற்றிக்கொண்டேன். வழியில் ஒரு மரம் விழுந்து, முக்கால் மணி நேரம் வண்டி ஊர்ந்து ஊர்ந்து போனது. கை விறைக்கிறது, கொஞ்சம் ஹீட்டரைப் போடுங்க என்றார் அவர். நாலு வருடத்தில் நான் அந்தப் பொத்தானைத் தொட்டதே இல்லை. போட்டேன். வந்தது குளிர்ந்த காற்று. ஸ்போர்ட்ஸ் காரில் ஹீட்டர் இப்படித்தானா என்று அவர் கள்ளமில்லாமல் கேட்டார்.

எனக்கு உறைத்தது. ஹீட்டருக்குச் சூடு வருவதே இஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீரிலிருந்துதான். பள்ளிக்கூடத்தில் இஞ்சினை அணைக்காமலே நிறுத்தி, குடையோடு பொனெட்டைத் திறந்து, இஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் குழாயைத் தொட்டுப் பார்த்தேன். முக்கால் மணி நேரம் ஓடிய இஞ்சினின் குழாயில் கை வைத்தால் சுட வேண்டும். இது ஆறிப்போன தேத்தண்ணிக் கோப்பையைத் தொட்ட மாதிரி இருந்தது. அந்த மழைக் குளிரிலும் ரேடியேட்டர் விசிறி வேறு நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது.

அங்கேயே நின்று யோசித்தேன். குளிர்ந்த இஞ்சினுக்குக் கூடுதலாகப் பெட்ரோல் வேண்டும். அதனால் காலையில் ஸ்டார்ட் பண்ணிய புதிதில் வண்டியின் கணினி கொஞ்சம் தாராளமாகவே ஊட்டும். சூடானதும் குறைத்துவிடும். என் வண்டி சூடாவதே இல்லை. அப்படியென்றால் அந்தக் கணினி நாலு வருடமாக, இப்போதுதான் ஸ்டார்ட் பண்ணியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ஊட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. எரியாத மிச்சம்தான் புகையாக வருகிறது. நான் பெருமையடித்த அந்தப் படுத்த முள்தான் வண்டியின் நோய்.

இஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்து வைக்க ஒரு சின்ன வால்வு இருக்கும். சூடானதும் தானாகத் திறக்கும். அது என் வண்டியில் இல்லை என்பது எனக்கு நிச்சயமாகிவிட்டது. கராஜ் நானாதான் கழற்றியிருக்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்டதும் பறந்தேன்.

"வால்வு எங்க நானா?" என்றேன், வாசலிலேயே.

அவர் உள்ளே போய் ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். அதைக் கிளறி, காகிதத்தில் சுற்றி நூல் கட்டிய ஒரு சின்னப் பொட்டலத்தை என் கையில் வைத்தார். மேலே என் வண்டியின் நம்பர். அதற்குக் கீழே அவருடைய கோணல் எழுத்தில், 'டீச்சர் கழட்டச் சொன்னது.'

எல்லாம் ஞாபகம் வந்தது. வண்டி வாங்கிய அதே வாரம். இங்கே வெளிநாட்டு வண்டி வாங்குகிற பலர் முதல் வேலையாக இந்த வால்வைக் கழற்றிவிட்டு, விசிறியை எந்த நேரமும் சுற்றும்படி நேரடியாக வயர் கொடுப்பார்கள். குளிர் நாட்டுக்குப் போட்ட சாமான் நம்ம வெயிலுக்கு எதற்கு என்பது பேச்சு. நானும் கேள்விப்பட்டு வந்து கழற்றச் சொன்னேன். இருக்கட்டும் டீச்சர், செய்தவன் சும்மா போட்டிருக்க மாட்டான் என்று இந்த மனிதர் தடுத்தார். நான் சயன்ஸ் படிப்பிக்கிறவள், எனக்குச் சொல்லித் தராதீங்க என்று அடக்கிவிட்டேன். இப்போது வெட்கத்தில் காது இரண்டும் கொதித்தன.

"அப்ப ஏன் நானா என்னிட்ட சொல்லல்ல?"

"அன்னைக்கும் சொல்லத்தான் வாயெடுத்தேன் டீச்சர். நீங்கதான் பேச விடல்லயே."

மறுநாள் சனிக்கிழமை. பள்ளிக்கூட ஆய்வுகூடத்திலிருந்து ஒரு வெப்பமானியை எடுத்துக்கொண்டு போனேன். தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கும் பாத்திரத்தில் அந்த வால்வை நூலில் கட்டித் தொங்கவிட்டோம். எழுபதில் அசையவில்லை. எண்பதைத் தாண்டியதும் மெல்ல வாய் திறந்தது. நாலு வருடம் டின்னுக்குள் கிடந்த சாமான், நேற்றுச் செய்தது மாதிரி வேலை செய்தது. காத்து நின்றவர்களும் வந்து எட்டிப் பார்த்தார்கள். அன்றைக்குக் கத்தியபோது நின்றவர்களில் இரண்டு பேர் அவர்களோடு இருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கும்படியாகவே சொன்னேன், இதைக் கழற்றச் சொன்னது நான்தான், நானா மேல ஒரு பிழையும் இல்லை, என்னை மன்னிக்கணும் என்று. அவர் வால்வுக்கு அடியில் வைக்கும் கேஸ்கட் காகிதத்தை வட்டமாக வெட்டிக்கொண்டே, அதுக்கென்ன டீச்சர் என்றார்.

வால்வை அதன் இடத்தில் திரும்பப் பூட்டினார். விசிறியின் நேரடி வயரைப் பிடுங்கி, தேவையானபோது மட்டும் சுற்றும் பழைய இணைப்பைக் கொடுத்தார். புதுத் தண்ணீர் நிரப்பிக் காற்றெல்லாம் வெளியேற்றிய பிறகு என்னை உட்காரச் சொன்னார். ஸ்டார்ட் பண்ணினேன். ஐந்து நிமிடத்தில் முள் அசைந்தது. நாலு வருடம் படுத்தே கிடந்த முள். கால்வாசியைத் தாண்டியது, இன்னும் ஏறியது. முள் ஏறினால் ஆபத்து என்றே வளர்ந்தவர்கள் நாங்கள். என் கை சாவிக்குப் போனது.

"நிப்பாட்டாதீங்க டீச்சர். அது எங்க நிக்கணுமோ அங்க நிக்கும்."

பாதிக்கு ஒரு மயிரிழை கீழே முள் நின்றது. பிறகு அசையவே இல்லை. ஹீட்டரைப் போட்டேன். சுடச்சுடக் காற்று முகத்தில் அடித்தது. கார் வாங்கிய அன்றுகூட நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

திங்கட்கிழமை மூன்றாவது தடவை. வீட்டுக்காரர் அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தார். கட்டுகஸ்தோட்டைக்காரரின் நம்பர் அவர் ஃபோனில் தயாராக இருந்ததை நான் பார்த்தேன். கருவியைச் செருகினார்கள். என் மாணவர்கள் பரீட்சை மண்டபத்தில் என்ன பாடுபடுவார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தாள் வெளியே வந்தது. பாஸ். சும்மா பாஸ் இல்லை, எல்லைக்கு மிகவும் கீழே. அந்தத் தாளை வீட்டுக்காரரின் மூக்குக்கு நேரே ஆட்டினேன். வயதுக்குப் பொருந்தாத காரியம்தான், ஆனாலும் ஆட்டினேன்.

வண்டியில் ஏறியதும் மனசு உறுத்தியது. வீட்டிலும் நான் நானாவைத் திட்டித் தீர்த்திருந்தேனே.

"ஒண்ணு சொல்லணும்," என்றேன். "அந்த வால்வைக் கழட்டச் சொன்னது நான்தான். நானா இல்ல."

"தெரியுமே. அன்னைக்கு உன் பக்கத்துலதானே நின்னேன்."

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரை நான் அவ்வளவு திட்டும்போது ஏன் பேசாம இருந்தீங்க?"

"உனக்கே ஞாபகம் வரும்னு இருந்தேன். நான் சொல்லியிருந்தா கேட்டிருப்பியா?"

கேட்டிருக்க மாட்டேன். அதை ஒத்துக்கொள்ள எனக்கு அரை மைல் தேவைப்பட்டது. அம்பிட்டிய ஏற்றம் தொடங்கியது. கொஞ்ச நாளாக இந்த இடத்தில் இஞ்சின் ஒரு தடவை திக்கிவிட்டுத்தான் ஏறும். அன்றைக்குத் திக்கவில்லை. முள் தன் இடத்தில் அப்படியே நின்றது. அவர் ஃபோனை எடுத்துக் காதில் வைத்தார்.

"இல்லீங்க, நாங்க விக்கல்ல," என்றார் கட்டுகஸ்தோட்டைக்காரரிடம். "இனிமே கேக்காதீங்க. என் வீட்டுக்காரி ஓட்டுறா, நான் பக்கத்துல இருக்கேன்."

பிறகு ஃபோனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டச் சொன்னார்.