பழப்புளியில் ஊறிய பொத்தான்கள்

பிரெஞ்சு நாட்டில், லா சப்பலில் என்னுடைய மரக்கறிக் கடைக்குப் பக்கத்தில்தான் சாரதாதேவியின் தையல் கடை. நீளமாக, ஒடுக்கமாக, ரயில் பெட்டி மாதிரி இருக்கும். கிழிந்த கொலரோடு ஒரு சேர்ட்டைக் கொடுத்தால், கேட்காமலே பொத்தான்களையும் இறுக்கித் தருவாள். தங்கமான மனுசிதான். ஆனால் கேட்காமல் நல்லது செய்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம்.

அவளுடைய தாய் ஊரில் சாகக் கிடந்தபோது இவளிடம் விசா இல்லை, போனால் திரும்பி வரமுடியாது. பேச்சு நின்றுபோன தாயின் காதில் யாரோ போனை வைத்துப் பிடிக்க, இவள் தையல் மெசினுக்கு முன்னால் இருந்து, "அம்மா, நான் சாரதா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். தாய்க்கு அது கேட்டதோ இல்லையோ, இன்றைக்கும் தெரியாது.

போன மார்கழியில் வேரா என்ற ரஷ்யப் பெண் ஒரு பழைய சிவப்பு உடுப்பைக் கொண்டுவந்தாள். கையில்லாத நீள அங்கி. பெயர் சரஃபானாம், அவளுடைய அம்மம்மா உடுத்தியது. முன்பக்கம் மேலிருந்து கீழ்வரை பித்தளைப் பொத்தான்கள். சின்ன நெல்லிக்காய் அளவில், கம்பியால் பின்னியதுபோல் ஓட்டை ஓட்டையாக, கறுத்துப்போயிருந்தன. தோள்பட்டி கிழிந்திருந்தது. அம்மா ஆஸ்பத்திரியில், நாளைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று மட்டும் பிரெஞ்சில் சொல்லிவிட்டுப் போனாள்.

சாரதா வெள்ளிக்கு வெள்ளி குத்துவிளக்கு மினுக்குகிறவள். கறுத்த பித்தளையைக் கண்டால் பொறுப்பாளா? என்னிடம் வந்து பழப்புளி கேட்டாள்.

"என்னத்துக்குப் பிள்ளை?"

"அந்தச் சட்டையின்ரை பித்தளைத் தெறியளை மினுக்கப் போறன் அண்ணை. தாய்க்காரி பாத்துச் சந்தோசப்படட்டும்."

பொத்தான்களை வெட்டியெடுத்து, புளியில் ஊறவிட்டுத் தேய்த்து, ஹீட்டர் மேல் காயவைத்துத் திரும்பவும் தைத்தாள். புதுப் பவுண் மாதிரி மின்னின.

அடுத்த நாள் மத்தியானம் வேரா வந்தபோது நானும் அங்கே நின்றேன். உடுப்பைத் தூக்கி உதறினாள். ஒரு சத்தமும் இல்லை. மறுபடியும் உதறினாள். அவள் முகம் வெளிறிவிட்டது.

ஒவ்வொரு பொத்தானுக்குள்ளும் ஒரு சின்னக் குண்டு இருக்குமாம். நடந்தால் கிலுங்குமாம். அவளுடைய அம்மாவுக்குக் கண் போய்விட்டது, மகளையே அடையாளம் தெரிவதில்லை. சின்ன வயதில் கேட்ட, தன் தாய் நடந்துவருகிற அந்தச் சத்தத்தைக் கேட்டாலாவது அம்மா முகத்தைத் திருப்புவாள் என்று வேரா நம்பியிருந்தாள். புளிச்சக்கை ஓட்டைகளால் உள்ளே போய், குண்டுகளோடு சேர்ந்து காய்ந்து இறுகிவிட்டது.

எனக்குக் கோபம்தான் வந்தது. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே பிள்ளை?"

"கிலுங்கேக்கை உள்ளுக்குள்ளை ஏதோ உடைஞ்சு கிடக்குது எண்டு நினைச்சன் அண்ணை," என்றாள்.

வேரா ஏசவில்லை. உடுப்பை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். சாரதா கடைக் கதவைச் சாத்தினாள். நான் சுடுதண்ணீர் கொண்டுவந்து கொடுக்கக் கொடுக்க, ஒவ்வொரு பொத்தானாகக் கழுவி, ஊசியால் கிண்டி, காதில் வைத்து ஆட்டிப் பார்த்தாள். பின்னேரம் கடைசிப் பொத்தானும் கிலுங்கியது. உடனே வேராவுக்குப் போன் எடுத்தாள். மறுபக்கத்தில் அழுகைதான் கேட்டது.

உடுப்பை எடுக்க வேரா அடுத்த நாள் வந்தாள். அதை அம்மாவுக்கு உடுத்தித்தான் அடக்கம் செய்யப் போகிறாளாம். வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

"படுத்திருப்பவள் உடுத்தினால் சத்தம் வராதே. நீ ஒரு தடவை போட்டுக்கொண்டு நடக்கிறாயா?"

சாரதா தன் உடுப்புக்கு மேலேயே அதைப் போட்டுக்கொண்டு, தொங்குகிற சேலைச் சட்டைகளுக்கு நடுவே நடந்தாள். வேரா சுவரைப் பார்த்து இருந்து கண்ணை மூடிக்கொண்டாள். கிலுகிலுவென்ற சத்தம் அவளைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. வேரா மெல்ல முகத்தைத் திருப்பினாள். தன் பாசையில் தாயைக் கூப்பிட்டாள்.

சாரதா நிற்கவில்லை. கண்ணீர் வழிய வழிய, "வாறன் பிள்ளை, வாறன்" என்று தமிழில் சொல்லிக்கொண்டே நடந்தாள்.