சுகமா அண்ணை?

புறநகரான விட்பியிலிருந்து டவுன்டவுன் போகும் காலை ரயிலில் அவர் என் எதிரே உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும், மடிப்புக் கலையாத சேர்ட். தோடம்பழம் தின்று முடித்தவர், பக்கத்திலேயே குப்பைவாளி இருக்க, தோலைக் கடதாசியில் சுற்றிக் கோட்டுப் பைக்குள் வைத்தார்.

நான் பார்ப்பதைக் கண்டுவிட்டார்.

“ஜப்பானிலை பழகினது தம்பி. அங்கை றோட்டிலை குப்பைவாளி இல்லை, வீட்டுக்குத்தான் கொண்டுபோகவேணும். பதினொரு வருசம் இருந்தன். பக்கத்து வீட்டுக்காரர் ஒவ்வொரு நாளும் குனிஞ்சு வணக்கம் சொல்லுவார். அதுக்கு மேலை ஒரு கதையில்லை.”

“பிறகு?”

“அமெரிக்கா. வேலையிலை முதல் நாள் ஒருத்தன் எப்பிடி இருக்கிறாய் எண்டு கேட்டான். என்ரை மனுசி செத்து மூண்டு மாசம். நிண்டு சொல்லத் தொடங்கினன். நிமிந்து பாத்தா ஆளைக் காணேல்லை.”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“இங்கை எங்கடை சனம் இருக்குத்தானே அண்ணை.”

“ஓம்,” என்றார், யன்னலைப் பார்த்தபடி.

அடுத்த கிழமை ஸ்டேஷன் படிக்கட்டில் அவரைக் கண்டேன். வேலைக்குப் பிந்திவிட்டது. “சுகமா அண்ணை?” என்று கேட்டுக்கொண்டே ஏறினேன். மேல்படியில்தான் உறைத்தது, திரும்பினேன். கூட்டம் விலகிப்போக, அவர் அதே இடத்தில் நின்று எதையோ சொல்லிக்கொண்டிருந்தார்.