லைனில் சிவப்புத் துணி உலர்த்துவதில்லை

போன வாரம் கூறைப் புடவை எடுக்கப் போன இடத்தில் ஒரு கல்யாணமே நின்றுவிடும் போலிருந்தது.

காஞ்சிபுரத்தில் புடவைக்கா பஞ்சம் என்பீர்கள். புடவைக்குப் பஞ்சமில்லை, நிறத்தில்தான் தகராறு. கடைக்காரர் எனக்குத் தெரிந்தவர் என்பதால் கன்னியம்மா அண்ணி என்னையும் இழுத்துக்கொண்டு போயிருந்தார். அவர் மகள் வசந்தாவுக்கு வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை வாலாஜாபாத். கூறை எடுப்பது மாப்பிள்ளை வீட்டு வழக்கம். சம்பந்தியம்மாவே நேரில் வந்திருந்தார். கடைக்காரர் அரக்குச் சிவப்பில் ஏழெட்டுப் புடவைகளை விரித்தார். சம்பந்தியம்மா ஒன்றைத் தடவிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

“செவப்பு வேணாம்மா... பச்சை எடுக்கலாமே” என்றார் அண்ணி.

கூறைப் புடவை பச்சையிலா? சம்பந்தியம்மாவின் முகம் மாறிவிட்டது. மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து என்று அண்ணி தடுமாறத் தடுமாற, அந்த அம்மாவுக்குக் கோபம் ஏறியது. தங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சிவப்புதான் என்றார். கடைசியில் பையை எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டார்.

“எங்க கூறை வேணாம்னா, வேற எடம் பார்த்துக்கோங்கமா.”

வசந்தா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். அண்ணி ஏன் அப்படிச் சொன்னார் என்பது அந்தக் கடையில் மூன்றே பேருக்குத்தான் தெரியும் — அண்ணிக்கு, அவர் கணவர் முனுசாமி அண்ணனுக்கு, எனக்கு. நாங்கள் மூவரும் லைன்காரர்கள்.

லைன் என்றால் ரயில்வே லைன். ஸ்டேஷனைத் தாண்டி, தண்டவாளத்தை ஒட்டி, ஒரே ஓட்டுக் கூரையின் கீழ் பன்னிரண்டு வீடுகள். என் அப்பா, வண்டிக்குத் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். பக்கத்து வீட்டில் தெலுங்கு, அதற்கடுத்து உருது, கோடி வீட்டில் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் சேசு மேஸ்திரி. ஊருக்குள் தெருவுக்குத் தெரு என்ன சாதி என்பார்கள்; லைனில் என்ன டூட்டி என்றுதான் கேட்பார்கள். கருட சேவைக்கு ஊரே திரளும். அன்றைக்கு எங்கள் லைனில் ஒரு ஆண்பிள்ளையைப் பார்க்க முடியாது — அத்தனை பேரும் ஸ்பெஷல் ரயில் வேலையில் இருப்பார்கள். பெருமாளைத் தரிசித்த ஜனங்களைப் பத்திரமாக வீடு சேர்த்ததுதான் எங்கள் அப்பாக்களுக்குக் கிடைத்த தரிசனம்.

அங்கே எழுதி ஒட்டாத ஒரு சட்டம் உண்டு. தண்டவாளம் இருக்கும் பக்கம் சிவப்புத் துணி எதையும் உலர்த்தக் கூடாது. தூரத்தில் வரும் டிரைவருக்கு அபாயக் கொடியும் ஒன்றுதான், பாவாடையும் ஒன்றுதான். பெண் குழந்தைகளுக்குச் சிவப்பு ரிப்பன்கூட வாங்க மாட்டார்கள். எல்லோருக்கும் தெரிந்த சட்டம். அதனாலேயே புதிதாக வந்த கல்யாணப் பெண்ணிடம் யாரும் சொல்லவில்லை.

கன்னியம்மா அண்ணி லைனுக்கு வந்து நாலாவது நாள். மஞ்சள் தண்ணீர் பட்ட கூறைப் புடவையை அலசி, வெயில் நன்றாக விழுகிறதே என்று தண்டவாளத்து வேலியில் விரித்தார். காற்றில் அது படபடத்தது. வளைவு திரும்பிய பாசஞ்சர், ஊளையிட்டுக்கொண்டே நடுவழியில் நின்றது. நான் அப்போது சின்னப் பையன். ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள். நடுவில் அந்தப் பெண், புடவையை மார்போடு அணைத்துக்கொண்டு, நடுங்கிப்போய்...

முனுசாமி அண்ணன் கீமேன். விடிந்ததும் சுத்தியலும் ஸ்பேனருமாகத் தண்டவாளத்தோடு நடந்து, அதைக் கட்டையோடு பிடித்திருக்கும் இரும்புச் சாவிகளில் தளர்ந்ததை இறுக்குபவர். கீமேன் வீட்டுப் புடவையே வண்டியை நிறுத்தினால் மேலிடம் சும்மா விடுமா? விளக்கம் கேட்டார்கள். ஒன்றரை வருஷம் எங்கோ தூரத்துப் பிரிவுக்குத் தூக்கிப் போட்டார்கள். தலைப்பிரசவத்தின்போது அண்ணிக்குப் பக்கத்தில் இருந்தது தெலுங்கு வீட்டு அம்மாதான்.

அண்ணன் அண்ணியை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும்! அந்தப் புடவை பெட்டிக்குள் போனது. அண்ணி அதற்குப் பிறகு சிவப்பே கட்டவில்லை.

இப்போது லைன் இல்லை. இடிந்துவிடும் என்று காலி செய்யச் சொன்னார்கள். பிறகு ஓடுகளையும் பிரித்தாகிவிட்டது. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஆளுக்கொரு துண்டு மனையில் வீடு கட்டிக்கொண்டோம். அண்ணன் ரிட்டயராகிவிட்டார். அவர் வீட்டிலிருந்து ரயில் கண்ணுக்கே தெரியாது. ஆனாலும் அண்ணி... ரயில்வேயில் ஆளுக்கு ரிட்டயர்மென்ட் உண்டு. பயத்துக்குக் கிடையாது போலும்.

கடைக்கு வருகிறேன். சம்பந்தியம்மா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று நான் வாயைத் திறந்தேன். அதற்குள், அதுவரை சுவரோரம் உட்கார்ந்திருந்த முனுசாமி அண்ணன் எழுந்து வந்தார். விரித்திருந்ததில் இருப்பதிலேயே ஆழ்ந்த சிவப்பை எடுத்து, அண்ணியின் மடியில் வைத்தார்.

“எடுத்துக்கோ கன்னிமா. வண்டி நின்னா நிக்கட்டும்.”

அண்ணி அந்தப் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். எந்த வண்டி என்று புரியாமல் சம்பந்தியம்மா திரும்பி வந்து உட்கார்ந்தார். நான் எல்லாவற்றையும் சொல்லக் கேட்டதும் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

வண்டி நின்றால் நிற்கட்டுமாம்... சொன்னவர் யார்? தன்னால் ஒரு வண்டியும் நின்றுவிடக் கூடாதே என்று முப்பது வருஷம் தண்டவாளத்தோடு நடந்த மனுஷன்!