எதைத் தேடினாலும் நீலச் சட்டை

"இங்க வந்து ஒரு அமுக்கு அமுக்கிட்டுப் போங்க" என்று தண்ணீர் குடிக்கப் போகிறவரைக்கூட விடமாட்டார் டெமோ அக்கா. வந்தவர் திரையைப் பார்ப்பார். அக்கா வந்தவரின் விரலைப் பார்ப்பார். அந்த விரல் போகிற இடத்தில் ஏதாவது நடக்க வேண்டும், குறைந்தபட்சம் நடப்பது போலவாவது இருக்க வேண்டும். அக்காவின் பிழைப்பே அதுதான்.

மென்பொருள் கம்பெனியில் உண்மையான மென்பொருளை எழுதுவதற்கு முன்னால், வாடிக்கையாளருக்குக் காட்ட டெமோ என்று ஒரு மாதிரி செய்வார்கள். அந்த மாதிரியைச் செய்வதும், ஆள் முன்னால் வைத்து ஓட்டிக் காட்டுவதும் அக்கா. "வீடு முழுக்கக் கதவு வரைஞ்சிருப்பேன். தொறக்கிறது ஒண்ணுதான். விருந்தாளிய அது வழியாவே கூட்டிட்டுப் போயிட்டு வந்துடணும்" என்பார். தொழில் புத்தி வீட்டிலும் போகாது. சாப்பாடு ஆச்சா என்று கணவர் கேட்டால், ஆள்காட்டி விரலைக் காற்றில் வட்டமாகச் சுற்றி, வந்துகொண்டே இருக்கிறது என்பார். அடுப்பே பற்ற வைத்திருக்க மாட்டார்.

போன மாதம் அக்காவின் கைக்கு வந்தது ஒரு சலவைக்கடை. ஊரெல்லாம் கிளை. துணியைக் கொடுத்தவர் ரசீது எண்ணைத் தட்டினால், அது எந்தக் கிளையில், எந்தத் தட்டில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். இந்தக் கடை முதலாளி வேண்டாம் என்று போய்விட்டால் அக்காவின் குழுவைக் கலைத்து, அவரைப் புகார்ப் பிரிவில் உட்கார வைப்பதாக மேலாளர் சொல்லியிருந்தார். நாளெல்லாம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பிறத்தியார் திட்டை வாங்குவது.

மாதிரிக்கு ஒரு துணி வேண்டுமே. கொடியில் காய்ந்த கணவரின் நீலக் கட்டம் போட்ட சட்டையைப் படம் பிடித்துப் போட்டார். எந்த எண்ணைத் தட்டினாலும் அந்தச் சட்டைதான் வரும். இரண்டாம் கிளை, மூன்றாம் தட்டு என்று அடியில் எழுதியும் வரும். தன் சட்டை சபை ஏறப்போகிற பெருமையில் கணவர் டெமோ அன்று காலை அதையே போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

முதலாளி வந்தார். அக்கா தட்டுவதற்குள் தானே தட்டிப் பார்ப்பதாகச் சொல்லி, வாய்க்கு வந்த ஓர் எண்ணைத் தட்டினார். சட்டை வந்தது. அதோடு விட்டிருக்கலாம். மனுஷர் போனை எடுத்து இரண்டாம் கிளைக்கே போட்டுவிட்டார். இது சும்மா ஒரு மாதிரிதான் என்று அக்கா தொடங்கினார்; மேஜைக்கடியில் மேலாளர் அவர் காலை மிதித்தார்.

"மூணாவது தட்டுல நீலக் கட்டம் போட்ட சட்டை இருக்காய்யா?"

இல்லை என்று முதலாளியிடம் சொல்லிப் பழக்கமில்லாத கிளைக்காரர், பார்க்காமலேயே பதில் சொன்னார்.

"இருக்குங்க முதலாளி. இதோ, கையிலதான் இருக்கு."

இன்னும் வாங்காத மென்பொருளே இவ்வளவு வேலை செய்கிறதா என்று முதலாளிக்கு வாயெல்லாம் பல். அந்தச் சட்டையை உடனே கொடுத்தனுப்பச் சொன்னார். தனக்கு மேல் ஒரு டெமோக்காரர் ஊரில் இருப்பது அக்காவுக்கு அன்றுதான் தெரிந்தது.

மூன்று பேரும் டீ குடித்து முடிக்கும்போது பொட்டலம் வந்தது. கிளைக்காரர் கெட்டிக்காரர். எவர் சட்டையோ, நீலக் கட்டம் போட்டது, மடிப்புக் கலையாமல் உள்ளே இருந்தது. முதலாளி அதைத் திரைக்குப் பக்கத்தில் விரித்துவைத்து, இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"படத்துல மேல ரெண்டாவது பொத்தான் இல்லாத மாதிரி தெரியுதே" என்று சொல்லி, மூக்குக் கண்ணாடிக்காகப் பையைத் துழாவினார்.

வீட்டுக்காரரின் பொத்தானைத் தைத்துக் கொடுக்காத சோம்பலை அக்கா அந்த நொடியில் மனதாரச் சபித்தார். மேலாளர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அக்கா சட்டையை நீவிவிடுகிறவர் போலக் குனிந்தார்.

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு சட்டையைப் பார்த்தார். மேலே இரண்டாவது பொத்தான் இருந்த இடத்தில் நூல்தான் இருந்தது.

"அச்சு அசல் அதேதான். என்னம்மா சொல்றீங்க?"

அக்கா வாயைத் திறக்கவில்லை. ஒரு பக்கக் கன்னம் லேசாகப் புடைத்திருக்க, பலமாகத் தலையை ஆட்டினார்.